வன்தட்டே இல்லாத மெய்நிகர் கணினி: ஐஎஸ்ஓவிலிருந்து துவக்கும்போது உள்ளே நடப்பது என்ன, எங்கே தடுக்கும்?

கேள்வி இதுதான்: மெய்நிகர் வன்தட்டு எதையும் உருவாக்காமல், பதிவிறக்கிய லைவ் லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவாமலே ஓடும் இயங்குதளம் அடங்கிய ஒளிவட்டின் படிமத்தை) மட்டும் வைத்து ஒரு மெய்நிகர் கணினியைத் துவக்கி வேலை செய்ய முடியுமா? முடியுமென்றால், சில ஐஎஸ்ஓக்கள் துவக்கப் பட்டியலைக் காட்டி, இயங்குதளத்தின் மையக்கருவான கர்னலின் வரிகளும் ஓடி முடிந்த பிறகு, ‘லைவ் கோப்பு முறைமை உள்ள ஊடகம் கிடைக்கவில்லை’ என்று நின்றுபோவது ஏன்? இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் நினைவகம் மிச்சம் இருக்கும்போதே ‘இடமில்லை’ என்ற பிழை எங்கிருந்து வருகிறது?

முடியும். பெரும்பாலான மெய்நிகராக்க மென்பொருள்களில் வன்தட்டு என்பது கட்டாயமான உறுப்பே அல்ல. புதிய கணினியை உருவாக்கும் வழிகாட்டித் திரைகள் அதை இயல்பாகச் சேர்த்துவிடுவதால்தான் கட்டாயம் போலத் தோன்றுகிறது. மூன்றாவது கேள்விக்குப் பின்னர் வருவோம்; இரண்டாவதற்கு விடை இதுதான். ஐஎஸ்ஓவிலிருந்து துவக்குவது ஒரே செயல் அல்ல. அந்தக் கோப்பு இரண்டு முறை, ஒன்றையொன்று அறியாத இரண்டு நிரல்களால் வாசிக்கப்படுகிறது. முதல் வாசிப்பு, கணினியை முதலில் எழுப்பும் நிலைபொருளுடையது (பழைய பயாஸ் அல்லது புதிய யூஇஎஃப்ஐ), இரண்டாவது கர்னலுடையது. முதலாவது வெற்றி பெற்றதை வைத்து இரண்டாவதும் வெற்றி பெறும் என்று கொள்ள முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

முதல் வாசிப்பிலிருந்து தொடங்குவோம். ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு முறைமை 1988-இல் தரமாக வெளியிடப்பட்டது. அதில் வட்டு 2048 பைட் கொண்ட பிரிவுகளாக எண்ணப்படுகிறது. முதல் 16 பிரிவுகள், அதாவது முதல் 32 கிலோபைட், இந்தத் தரம் பயன்படுத்தாமல் கணினிகளின் சொந்தப் பயனுக்கு விட்டுவைத்தவை. 16-ஆம் பிரிவில்தான் வட்டின் முதன்மை விவரணை தொடங்குகிறது. இந்தத் தரத்தில் கணினியைத் துவக்குவதற்கான வழி வகுக்கப்பட்டிருக்கவில்லை. அதை 1995-இல் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து எழுதிய எல் டொரிட்டோ என்ற விவரக்குறிப்பு நிரப்பியது. அதன்படி 17-ஆம் பிரிவில் ஒரு துவக்கப் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவு ஒரு துவக்க அட்டவணையின் இடத்தைச் சுட்டும். அட்டவணை, எந்தக் கோப்பை எவ்வளவு நினைவகத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும். வட்டைத் தேடிவரும் பயாஸ் இந்த மூன்று படிகளைத்தான் செய்கிறது. கோப்புறைகள், கோப்புப் பெயர்கள், பகிர்வுகள் எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த அட்டவணையில் பழைய காலத்தின் தடம் ஒன்று இன்னும் இருக்கிறது. வட்டுக்குள் இருக்கும் படிமத்தை ஒரு நெகிழ்வட்டாகவோ வன்தட்டாகவோ பயாஸ் பாவனை செய்ய வேண்டும் என்று அட்டவணை கேட்கலாம். பாவனை எதுவும் வேண்டாம் என்றும் கேட்கலாம். டாஸ் காலத்துக் கருவிகள் முதல் வழியைப் பின்பற்றின. ஐசோலினக்ஸ், க்ரப் ஆகிய இன்றைய துவக்கிகள் பாவனையற்ற வழியையே பயன்படுத்துகின்றன: முதலில் 2048 பைட் மட்டும் ஏற்றப்படும், அந்தச் சிறு நிரல் மீதியைத் தானே வாசித்துக்கொள்ளும்.

யூஇஎஃப்ஐ முறையில் அதே அட்டவணையில் இன்னொரு பதிவு இருக்கும். அது ஒரு சிறு ஃபேட் கோப்பு முறைமைப் படிமத்தைச் சுட்டும். நிலைபொருள் அதைத் திறந்து, அதற்குள் இருக்கும் துவக்க நிரலை இயக்கும். ஆகவே ஒரே ஐஎஸ்ஓவில் இரண்டு வாயில்கள் இருக்கின்றன. பழைய ஐஎஸ்ஓக்களில் பயாஸ் வாயில் மட்டும் இருப்பதும், மிகப் புதியவை சிலவற்றில் யூஇஎஃப்ஐ வாயில் மட்டும் இருப்பதும் உண்டு. துவக்கப் பட்டியலே தோன்றாமல் ‘துவக்கக்கூடிய ஊடகம் இல்லை’ என்ற செய்தி வந்தால், வன்தட்டு இல்லாததைக் குறை சொல்லுமுன், மெய்நிகர் கணினியின் நிலைபொருள் வகையையும் ஐஎஸ்ஓவில் எந்த வாயில் இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முதல் வேலை. பதிவிறக்கம் முழுமையாக முடிந்ததா என்று ஷா-256 என்ற ஒப்பீட்டு மதிப்பைச் சரிபார்ப்பதும் இங்கேயே முடிந்துவிட வேண்டும். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ துவக்கப் பட்டியல் வரை அழகாக வரும், ஏனென்றால் பட்டியலுக்கு வேண்டியவை பெரும்பாலும் கோப்பின் முற்பகுதியில் இருக்கின்றன.

இனி இரண்டாவது வாசிப்பு. துவக்கி, கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து நிலைபொருளின் வாசிப்பு வசதி கர்னலுக்குப் பயன்படாது. எந்த வட்டிலிருந்து தான் வந்தது என்பதைக் கர்னல் அறியாது. இணைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு கருவியையும் தன் சொந்த ஓட்டிகளால் (கருவிகளோடு பேசும் டிரைவர் நிரல்களால்) கண்டறிந்து, அவற்றுள் எதில் தன் மூலக் கோப்பு முறைமை இருக்கிறது என்று புதிதாகத் தேட வேண்டும். உள்ளே இருக்கும் நிரல் ஒன்று, ஒவ்வொரு கருவியாக ஏற்றிப் பார்த்து, எதிர்பார்த்த கோப்புறையோ வட்டுப் பெயரோ இருக்கிறதா என்று சோதிக்கிறது. டெபியன், உபுண்டு வகை ஐஎஸ்ஓக்களில் நீங்கள் கண்ட அந்தச் செய்தி இந்தத் தேடல் தோற்றதற்கான அறிவிப்பு. ஃபெடோரா வகையில் வட்டின் பெயர் கர்னல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓவைப் பிரித்து ஏதோ ஒரு கோப்பை மாற்றி மறுபடி கட்டியவர் வட்டின் பெயரை அப்படியே வைக்க மறந்தால், நிலைபொருள் எந்தக் குறையும் சொல்லாது. கர்னல் மட்டும் பல நொடிகள் காத்திருந்துவிட்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் அவசரநிலைச் செயற்தளத்தில் விழுந்துவிடும்.

தேடல் தோற்பதற்கு மிகப் பொதுவான காரணம் ஓட்டி. மெய்நிகர் கணினியில் ஒளிவட்டு இயக்கியை ஐடிஇ, சாட்டா, ஸ்கசி என்று வெவ்வேறு கட்டுப்படுத்திகளில் மாட்டலாம். பொதுப் பயன்பாட்டுக்கான லைவ் ஐஎஸ்ஓக்களில் இவை எல்லாவற்றுக்கும் ஓட்டி இருக்கும். ஆனால் மேகச் சூழலுக்கென ஓட்டிகளைக் குறைத்துக் கட்டப்பட்ட கர்னல்களில் ஐடிஇ, சாட்டா ஓட்டிகள் இல்லாமல் இருப்பது உண்டு. அங்கே ஒளிவட்டை மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான விர்ட்டியோ-ஸ்கசி கட்டுப்படுத்திக்கு மாற்றினால் வேலை முடிந்துவிடும். எதிர்த்திசையிலும் இதே சிக்கல் வரும்: மிகப் பழைய ஐஎஸ்ஓவுக்கு விர்ட்டியோ என்றால் என்னவென்றே தெரியாது, அதற்கு ஐடிஇதான் வேண்டும்.

தோற்று நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பிஸிபாக்ஸ் செயற்தளம் கிடைக்கும். அதை மூடிவிட்டு அமைப்புகளை மனம்போன போக்கில் மாற்றிப் பார்ப்பதைவிட, அங்கேயே ஒரு நிமிடம் செலவழிப்பது பலன் தரும். ‘ப்ராக்’ கோப்புறையில் இருக்கும் பகிர்வுப் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். ஒளிவட்டு இயக்கியைக் குறிக்கும் எஸ்ஆர்0 என்ற பெயர் அதில் இல்லையென்றால் கட்டுப்படுத்திக்கோ ஒளிவட்டு இயக்கிக்கோ ஓட்டி இல்லை, அல்லது இயக்கி இணைக்கப்படவே இல்லை. எஸ்ஆர்0 இருந்து, அதன் அளவு ஐஎஸ்ஓவின் அளவுக்கு ஒத்து வந்தால், அதைக் கையால் ஒரு கோப்புறையில் ஏற்றிப் பாருங்கள். ஏறினால், உள்ளே தேடப்படும் கோப்புறையோ வட்டின் பெயரோதான் மாறியிருக்கிறது. ஏறாவிட்டால் கோப்பு முறைமைக்கான தொகுதி இல்லை, அல்லது ஐஎஸ்ஓ பழுதடைந்திருக்கிறது. ஊகத்துக்கு இடமே இல்லாமல் காரணம் பிரிந்துவிடும்.

நிலைபொருளிடமிருந்து கர்னலுக்கு நடக்கும் இந்தக் கைமாற்றம் எவ்வளவு முழுமையான முறிவு என்பதற்கு மெம்டிஸ்க் நல்ல எடுத்துக்காட்டு. வலையமைப்பு வழியாக ஓர் ஐஎஸ்ஓவை முழுதாக நினைவகத்தில் இறக்கி, பயாஸின் வட்டு வாசிப்புச் சேவையை இடைமறித்து, அந்த நினைவகப் பகுதியை வட்டாகக் காட்டுவது அதன் வேலை. ஃப்ரீடாஸ் போன்றவை அதில் நன்றாக ஓடுகின்றன, ஏனென்றால் அவை கடைசிவரை பயாஸ் வழியாகவே வாசிக்கின்றன. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களோ பல சமயம் கர்னல் தொடங்கியதும் ஊடகத்தைக் காணாமல் நிற்கின்றன. முழு ஐஎஸ்ஓவும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது, ஆனால் பயாஸை விட்டு வெளியே வந்த கர்னலுக்கு அது வட்டாகத் தெரிவதில்லை.

ஊடகம் கிடைத்தபின் நடப்பது அடுத்த கட்டம். லைவ் ஐஎஸ்ஓவில் முழு இயங்குதளமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமே இயலும் ஒரே பெரிய கோப்பாக இருக்கிறது. அதன்மேல் எழுதவே முடியாது. ஆனால் எந்த இயங்குதளமும் எழுதாமல் ஒரு நொடிகூட ஓடாது: பதிவுக் குறிப்புகள், தற்காலிகக் கோப்புகள், வலையமைப்பு அமைப்புகள் என்று எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே நினைவகத்தில் டெம்ப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை உருவாக்கப்பட்டு, ஸ்குவாஷ்எஃப்எஸ் கீழடுக்காகவும் அது மேலடுக்காகவும் ஓவர்லேஎஃப்எஸ் மூலம் ஒட்டப்படுகின்றன. பார்ப்பவருக்கு எழுதக்கூடிய ஒரே கோப்பு முறைமையாகத் தோன்றும். ஓவர்லேஎஃப்எஸ் 2014-இன் இறுதியில் வந்த கர்னல் 3.18-இல் சேர்க்கப்பட்டது, அதற்கு முன் கர்னலுக்கு வெளியே பராமரிக்கப்பட்ட யூனியன்எஃப்எஸ், ஏயூஎஃப்எஸ் ஆகியவை இந்த வேலையைச் செய்தன.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இந்த மேலடுக்கில் இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ்ஸின் இயல்பான உச்ச அளவு, கணினியின் நினைவகத்தில் பாதி. 4 ஜிபி கொடுத்தால், எழுதுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 ஜிபி. அது நிறைந்ததும், மீதி 1 ஜிபி சும்மா கிடந்தாலும் ‘இடமில்லை’ என்றுதான் வரும். நினைவகத்தைக் காட்டும் கட்டளை ஒன்று சொல்ல, வட்டு இடத்தைக் காட்டும் கட்டளை வேறொன்று சொல்வது இதனால்தான், இரண்டுமே உண்மை. சில ஐஎஸ்ஓக்கள் இன்னும் சிக்கனமானவை: ஆர்ச் லினக்ஸின் துவக்க அளவுருக்களில் இந்த இடத்தின் இயல்பளவு 256 மெகாபைட் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது, கர்னல் வரியில் அதற்கான அளவுருவைக் கொடுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டெம்ப்எஃப்எஸ்ஸைப் புதிய அளவோடு மறுபடி ஏற்றினால் எல்லை உயரும், கணினியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் நினைவகம் இருக்கும் அளவுக்கு மேல் உயர்த்தினால், இடமில்லை என்ற நாகரிகமான பிழைக்குப் பதிலாகக் கர்னல் நிரல்களைக் கொல்லத் தொடங்கும்.

மேலடுக்கு எதிர்பார்த்ததைவிட வேகமாக நிறைவதற்கும் காரணங்கள் உண்டு. கீழடுக்கில் உள்ள ஒரு கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும், அந்தக் கோப்பு முழுவதும் மேலே நகலெடுக்கப்படுகிறது. 500 மெகாபைட் கோப்பானால் 500 மெகாபைட் நினைவகம் போகும். கீழடுக்குக் கோப்பை அழித்தால் இடம் திரும்புவதில்லை. ‘இது அழிக்கப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு மேலடுக்கில் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே லைவ் கணினியில் எல்லாத் தொகுப்புகளையும் ஒரேயடியாகப் புதுப்பிக்கும் பழக்கம் வேண்டாம். பதிவிறக்கிய தொகுப்புகள் ஒரு பங்கு, விரித்த கோப்புகள் ஒரு பங்கு என்று நினைவகம் இரட்டிப்பாகக் கரையும்; புதிய கர்னலை நிறுவினாலும் அடுத்த துவக்கம் ஐஎஸ்ஓவில் உள்ள பழைய கர்னலிலிருந்துதான். புதிய பதிப்பு வேண்டுமானால் புதிய ஐஎஸ்ஓவை இறக்குவதே முறை.

நினைவகக் குறைவு இன்னோர் இடத்தில் வேறு வேடத்தில் வந்து ஏமாற்றும். கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருளில் நினைவக அளவைக் குறிப்பிடாவிட்டால் அது 128 மெகாபைட் மட்டுமே கொடுக்கும். இனிட்ராம்எஃப்எஸ் அதற்குள் முழுமையாக விரிய இடமில்லாமல் போனால், விரிக்கும்போது எழுதுவதில் பிழை என்ற ஒரு வரி வேகமாக ஓடி மறையும். கடைசியில் திரையில் நிலைத்து நிற்பது ‘மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை’ என்ற கர்னல் பதற்றச் செய்தி. அதைப் படிப்பவர், வன்தட்டு இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டி, 20 ஜிபியில் ஒரு வன்தட்டை உருவாக்கி இணைப்பார். அதே செய்தி மறுபடி வரும். நினைவகத்தை 2 ஜிபியாக்கினால் தீர்ந்துவிடும். வரைகலைத் திரை உள்ள லைவ் ஐஎஸ்ஓவுக்கு 4 ஜிபி, ஆல்பைன், டைனி கோர் போன்ற சிறியவற்றுக்கு 512 மெகாபைட் என்று தொடங்கி, தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்வது என் வழக்கம்.

வன்தட்டு இல்லாத கணினி என்றவுடன் பலரும் கர்னல் வரியில் டூராம் என்ற அளவுருவைச் சேர்க்கச் சொல்வார்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை முழுதாக நினைவகத்துக்கு நகலெடுத்துவிடுவது அதன் வேலை. உண்மையான ஒளிவட்டில் இது பெரும் வரம்: குறுவட்டின் ஒற்றை வேகம் நொடிக்கு 150 கிலோபைட், இயக்கியின் தலை அங்குமிங்கும் நகர எடுக்கும் நேரம் வேறு. மெய்நிகர் கணினியில் இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் கருத்து. ஐஎஸ்ஓ என்பது ஹோஸ்ட் கணினியில், அதாவது மெய்நிகர் கணினியை ஓட்டும் உண்மையான கணினியில், ஒரு சாதாரணக் கோப்பு. ஒரு முறை வாசிக்கப்பட்ட பகுதிகளை ஹோஸ்ட்டின் கர்னல் தன் பக்கத் தேக்ககத்தில் ஏற்கெனவே வைத்திருக்கும். டூராம் போட்டால் அதே தரவு இரண்டாவது முறையாக நினைவகத்தை நிரப்பும். ஒரே ஐஎஸ்ஓவிலிருந்து 10 மெய்நிகர் கணினிகள் ஓடும்போது வேறுபாடு பெரிது: டூராம் இல்லாவிட்டால் ஹோஸ்ட்டின் தேக்ககத்தில் உள்ள ஒரே பிரதி எல்லோருக்கும் பொது, டூராம் இருந்தால் 10 பிரதிகள். ஐஎஸ்ஓ வலையமைப்பில் உள்ள சேமிப்பகத்தில் இருந்து, அந்த இணைப்பு அறுந்துபோகக்கூடிய நிலையில் மட்டும் டூராமுக்குப் பொருள் உண்டு.

அமைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மென்பொருளிலும் சிக்கவைக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினியை உருவாக்கும்போது வன்தட்டைச் சேர்க்க வேண்டாம் என்ற தெரிவு இருக்கிறது. அது ஓர் எச்சரிக்கை காட்டும், தொடரலாம். 7-ஆம் பதிப்பிலிருந்து, உருவாக்கும் திரையிலேயே ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் தானியங்கி நிறுவலைத் தொடங்கப் பார்க்கும். அதைத் தவிர்க்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிக முக்கியமானது, ஒளிவட்டு இயக்கியின் பண்புகளில் உள்ள ‘லைவ் சிடி/டிவிடி’ என்ற கட்டம். லைவ் லினக்ஸ் நிறுத்தப்படும்போது ‘ஊடகத்தை எடுத்துவிட்டு என்டர் அழுத்துங்கள்’ என்று சொல்லி, வட்டை வெளியே தள்ளும். இந்தக் கட்டம் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் ஐஎஸ்ஓ இயக்கியிலிருந்து நிரந்தரமாக விலகிவிடக்கூடும். நேற்று நன்றாக ஓடிய கணினி இன்று துவக்க ஊடகம் இல்லை என்று சொல்லும்.

கியூஎமுவில் சிடிராம் என்ற தெரிவில் ஐஎஸ்ஓவின் பெயரும், எம் என்ற தெரிவில் நினைவக அளவும், லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் முடுக்கத்துக்கான தெரிவும் கொடுத்தால் போதும். வன்தட்டைப் பற்றிப் பேச்சே எழாது. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக, விர்ட்-இன்ஸ்டால் கட்டளையில் உருவாக்குபவர்கள் வட்டுக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பைக் கொடுப்பதோடு லைவ்சிடி என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால், ஐஎஸ்ஓவை நிறுவலுக்கான தற்காலிக ஊடகம் என்று அந்தக் கட்டளை கருதி, முதல் ஓட்டத்துக்குப் பின் துவக்க வரிசையிலிருந்து எடுத்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில், மெய்நிகர் வன்தட்டைப் பின்னர் இணைப்பதாகச் சொல்லிவிட்டு, இணைக்காமலே விட்டுவிடலாம். அதன் இரண்டாம் தலைமுறைக் கணினிகளில் யூஇஎஃப்ஐ மட்டுமே உண்டு. பாதுகாப்பான துவக்கம் இயல்பாக விண்டோஸுக்கான சான்றிதழை மட்டும் ஏற்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு வார்ப்புருவை மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சான்றிதழ் அமைப்பு என்பதற்கு மாற்ற வேண்டும். கையொப்பமே இல்லாத ஐஎஸ்ஓவானால் அந்த வசதியை அணைக்க வேண்டும்.

கணினியின் நிலையைச் சேமிப்பதில் ஒரு முரண் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் நிலையைச் சேமிப்பதற்கும் ஸ்னாப்ஷாட் (பின்னர் திரும்பி வரக்கூடிய நிலைப்பதிவு) எடுப்பதற்கும் வன்தட்டு தேவையில்லை. நினைவகத்தை அது தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளும். கியூஎமுவின் உள் ஸ்னாப்ஷாட் கட்டளையோ, நினைவகத்தின் நிலையை தன் சொந்த வடிவமான கியூகவ்2 வட்டுக்குள் எழுதும் வகையில் வடிவமைக்கப்பட்டது. வன்தட்டு இல்லாத கணினியில் அதைக் கொடுத்தால், ஸ்னாப்ஷாட்டை ஏற்கும் வட்டுக் கருவி எதுவும் இல்லை என்று மறுத்துவிடும். லிப்விர்ட்டின் சேமிப்புக் கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தடை இல்லை. அது, ஓடும் மெய்நிகர் கணினியை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும் இடமாற்ற வழிமுறையைக் கொண்டு நினைவகத்தை ஒரு கோப்புக்குள் ஓடவிடுகிறது. மேலடுக்கும் நினைவகத்திலேயே இருப்பதால், இப்படிச் சேமித்த கோப்பு கணினியின் முழு நிலையையும் கொண்டிருக்கும். ஐஎஸ்ஓவை மட்டும் இடம் மாற்றாமல், மாற்றி எழுதாமல் வைத்திருக்க வேண்டும்.

அமைப்புகளும் தரவும் அடுத்த துவக்கத்திலும் வேண்டும் என்ற தேவை விரைவிலேயே எழும். இதற்கு முழு நிறுவலுக்குப் போக வேண்டியதில்லை. அமைப்பு விவரங்களை உள்ளே கொடுப்பது மட்டும்தான் தேவை என்றால், இரண்டாவது ஒளிவட்டாக ஒரு சிறு ஐஎஸ்ஓவை இணைக்கலாம். துவக்கத்தில் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரல் உள்ள இயங்குதளம், சிஐடேட்டா என்ற பெயருடைய வட்டைக் கண்டால் அதிலுள்ள பயனர் விவரங்களை எடுத்துக்கொள்ளும். கோப்புகளை ஹோஸ்ட்டோடு பகிர விர்ட்டியோஎஃப்எஸ் அல்லது பகிர்ந்த கோப்புறை போதும். எழுதியது நிலைக்க வேண்டும் என்றால், டெபியன் லைவ் வகையில் பெர்சிஸ்டன்ஸ் என்ற பெயரிட்ட சிறு வட்டும், அதே பெயருள்ள கர்னல் அளவுருவும், எதை நிலைக்க வைப்பது என்று சொல்லும் ஒரு வரி அமைப்புக் கோப்பும் வேண்டும். ஆல்பைனின் வட்டற்ற முறை இவை எல்லாவற்றையும்விட நேர்த்தியானது: முழு இயங்குதளமும் நினைவகத்தில் ஓட, மாற்றிய அமைப்புகள் மட்டும் ஒரு சிறு சுருக்கக் கோப்பாகச் சேமிக்கப்பட்டு அடுத்த துவக்கத்தில் விரிக்கப்படுகின்றன.

இது ஓரமான விளையாட்டு அல்ல என்பதற்குச் சான்று வேண்டுமானால் பூட்2டாக்கரைப் பாருங்கள். நிரல்களைக் கொள்கலன்கள் என்ற தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் டாக்கரை லினக்ஸ் அல்லாத கணினிகளில் ஓட்டுவதற்காக, டைனி கோரை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறு ஐஎஸ்ஓவை விர்ச்சுவல்பாக்ஸில் துவக்கி, இயங்குதளத்தை முழுதும் நினைவகத்தில் வைத்து, கொள்கலன்களின் தரவுக்கு மட்டும் தனி வட்டு ஒன்றை அது பயன்படுத்தியது. கொள்கலன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸைச் சொந்தக் கணினியில் ஓட்டும் மினிக்யூபும் மெய்நிகர் கணினி வழியாக ஓடும்போது தனக்கெனக் கட்டிய ஐஎஸ்ஓவிலிருந்துதான் துவக்குகிறது. இயங்குதளத்துக்கு வட்டு வேண்டாம், தரவுக்கு மட்டும் வட்டு என்ற இந்தப் பிரிவினைதான், என் பார்வையில், அன்றாட வேலைக்கு ஏற்ற வடிவம். வட்டே கூடாது என்று பிடிவாதம் பிடித்து 16 ஜிபி நினைவகத்தை டெம்ப்எஃப்எஸ்ஸுக்குக் கொடுப்பது வீண்செலவு.

ஒவ்வொரு துவக்கமும் கணினியின் முதல் துவக்கம் என்பதால் சில பக்கவிளைவுகள் உண்டு. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையின் திறவுகோல்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். இணைக்கும் பக்கம், எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரிக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கணினி அடையாள எண்ணும் புதிதாகும்; சில வலையமைப்பு நிரல்கள் அதை வைத்தே முகவரி கேட்பதால், அடிக்கடி துவக்கினால் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையகத்தில் முகவரிகள் வீணாகும். கேவிஎம்மில் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது: கணினிக்கு நிலையான யூயூஐடியும் (தனித்த அடையாள எண்) நிலையான மேக் முகவரியும் (வலையமைப்பு அட்டையின் முகவரி) கொடுத்துவிட்டால், அடையாளம் ஏதும் இல்லாமல் துவங்கும் சிஸ்டம்டி அந்த யூயூஐடியையே தன் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்ளும். முந்தைய ஓட்டத்தில் சேமித்த சீரற்ற விதை எதுவும் இல்லாததால், விர்ட்டியோ சீரற்ற எண் கருவியை இணைத்து வைப்பதும் நல்லது. கணினி திடீரென விழுந்தால் பதிவுக் குறிப்புகள் அனைத்தும் அதோடு போய்விடும். கர்னலின் வெளியீட்டைத் தொடர் முனையத்துக்குத் திருப்பி, அந்த முனையத்தை ஹோஸ்ட்டில் ஒரு கோப்பில் எழுதச் செய்தால், விழுந்ததற்கான கடைசி வரியாவது மிஞ்சும்.

வன்தட்டு இல்லை என்பதால் எந்தத் தடயமும் மிஞ்சாது என்ற நம்பிக்கை மட்டும் தவறு. மெய்நிகர் கணினியின் நினைவகம் ஹோஸ்ட்டில் ஒரு சாதாரண நிரலின் நினைவகம். ஹோஸ்ட்டுக்கு நெருக்கடி வந்தால் அதன் பக்கங்கள் இடமாற்றுப் பகுதிக்கு, அதாவது உண்மையான வட்டுக்கு, எழுதப்படும். நிலையைச் சேமித்தால் முழு நினைவகமும் கோப்பாக இறங்கும். யூஇஎஃப்ஐ மாறிகளுக்கென ஒரு சிறு கோப்பும் தனியாக இருக்கும். டெய்ல்ஸ் போன்ற, தடயம் விடாமல் இருப்பதையே நோக்கமாகக் கொண்ட இயங்குதளத்தை மெய்நிகர் கணினியில் ஓட்டும்போது, ஹோஸ்ட்டும் மெய்நிகராக்க மென்பொருளும் உள்ளே நடப்பதைக் கண்காணிக்க முடியும் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

விண்டோஸைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு பத்தி. லினக்ஸின் லைவ் ஐஎஸ்ஓவுக்கு நிகராக அங்கே இருப்பது விண்டோஸ் பிஇ. நிறுவல் ஐஎஸ்ஓவில் முதலில் ஓடுவதும் அதுதான். பூட்.விம் என்ற கோப்பு நிலைபொருளின் உதவியோடு முழுதாக நினைவகத்தில் ஏற்றப்பட்டு எக்ஸ் என்ற இயக்கியாகத் தோன்றுகிறது. ஆகவே லினக்ஸைப் போல ஊடகத்தை உடனே தேட வேண்டிய நெருக்கடி அதற்கு இல்லை, கைமாற்றம் சற்றுத் தள்ளி வருகிறது. நிறுவல் நிரல் ஒளிவட்டில் உள்ள கோப்புகளைக் கேட்கும்போது அந்தக் கட்டுப்படுத்திக்கு ஓட்டி இல்லையென்றால், ‘உங்கள் கணினிக்குத் தேவையான ஊடக ஓட்டி இல்லை’ என்ற செய்தி வரும். ஐஎஸ்ஓவிலிருந்தே துவங்கிய கணினி ஐஎஸ்ஓவைக் காணவில்லை என்று சொல்வது பலரைக் குழப்புகிறது; லினக்ஸில் நாம் பார்த்த அதே இரண்டாவது வாசிப்பின் தோல்விதான் இது. ஒளிவட்டை விர்ட்டியோ-ஸ்கசியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றினாலோ, விர்ட்டியோ ஓட்டிகள் உள்ள ஐஎஸ்ஓவை இரண்டாவது ஒளிவட்டாக சாட்டாவில் இணைத்துக் காட்டினாலோ தொடரலாம். விண்டோஸ் பிஇயை அன்றாட இயங்குதளமாக ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம். தொடர்ந்து 72 மணி நேரம் ஓடியபின் அது தானாகவே மறுதுவக்கம் செய்துகொள்ளும், அப்போது நினைவகத்தில் இருந்த எதுவும் மிஞ்சாது.